இடது காதில் கேட்ட மால்கம்: ‘ஹைவே டு ஹெல்’லும் ‘பேக் இன் பிளாக்’கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார்: “அண்ணே, ஆஸ்திரேலிய ராக் குழு ஏசி/டிசி என்றாலே எல்லாரும் 1980-இல் வந்த ‘பேக் இன் பிளாக்’ இசைத்தட்டைத்தான் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ அதற்கு முந்திய ‘ஹைவே டு ஹெல்’தான் உயிரோடு இருப்பதாகப் படுகிறது. பிந்தியது மெதுவாகவும் இறுக்கமாகவும் இருக்கிறது. பாடகர் மாறியதால் வந்த வித்தியாசமா, இல்லை குழுவே மாறிவிட்டதா? அடுத்த மாத நிகழ்ச்சியில் இரண்டிலிருந்தும் பாட்டு எடுத்திருக்கிறோம். எப்படிப் பிரித்து வாசிப்பது?”

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இறுக்கம் உண்டு, வேகமும் குறைந்திருக்கிறது. ஆனால் பாடகர் மாறியதை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதி பதில்தான் சொன்னதாகும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்தியதில் பாடகர் கதை சொல்லிக்கொண்டு போகிறார், கிட்டார்கள் அவர் பின்னால் வருகின்றன. பிந்தியதில் கிட்டார் முன்னால் போகிறது, பாடகர் அதன் தோளில் ஏறி நின்று கத்துகிறார். அப்புறம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சாவு இருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த இரண்டையும் எடைபோட முடியாது.

எனக்கு இந்தக் குழுவைக் கற்றுக்கொடுத்தது ஒரு பழுதான ஹெட்போன். 1985-இல் நான் நான்காம் படிவம். டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பால்வெட்டும் வேலை. ஈப்போவில் தொழிற்சாலை வேலை பார்த்த மாமா மகன் ‘பேக் இன் பிளாக்’ காசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்பா இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகவேண்டியவர். அதனால் இரவில் ஹெட்போன் மாட்டித்தான் கேட்கவேண்டும். அந்த ஹெட்போனில் வலது பக்கக் கம்பி அறுந்திருந்தது. இடது காது மட்டும் வேலை செய்தது. ஏழெட்டு மாதம் அப்படியேதான் கேட்டேன்.

இந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளில் இடப்பக்கம் மால்கம் யங், வலப்பக்கம் அவர் தம்பி ஆங்கஸ் யங். பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு மேடையில் ஓடுவாரே, அவர் ஆங்கஸ். ஆக, உலகமே ஆங்கஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒருவன் அந்தத் தோட்டத்தில் மால்கமை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டவுனில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு ஸ்பீக்கரில் அதே காசெட்டைப் போட்டபோது இன்னொரு கிட்டார் வந்து விழுந்தது. அதிர்ந்துபோனேன். ஆனால் அதற்குள் என் காது இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றுவரை நிமிரவில்லை.

இன்றிரவே நீங்கள் இதைச் செய்து பார்க்கலாம். வலது காதுக் கருவியைக் கழற்றிவிட்டு முதலில் ‘ஹைவே டு ஹெல்’ பாட்டு, அடுத்து ‘பேக் இன் பிளாக்’ பாட்டு. பாடகர் மாறியும் மாறாத ஒன்று இடது காதில் உட்கார்ந்திருப்பது தெரியும். குழு மாறிவிட்டதா என்ற கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

சரி, முந்திய காலத்துக்குப் போவோம். யங் குடும்பம் 1963-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய தொழிலாளர் குடும்பம். குழுவின் பெயர் அக்காள் தையல் இயந்திரத்தில் பார்த்த எழுத்துகள். ஆங்கஸின் சீருடையும் அந்த அக்காள் யோசனைதான். 1974-இல் பாடகராகச் சேர்ந்த பான் ஸ்காட்டும் ஸ்காட்லாந்தில் பிறந்து சிறுவயதில் ஆஸ்திரேலியா வந்தவர். ஃப்ரீமேன்டில் ஊரில் பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுவாத்தியக் குழுவில் முரசடித்து வளர்ந்தவர். 1975-இல் வந்த ‘இட்ஸ் எ லாங் வே டு தி டாப்’ பாட்டில் கிட்டார்களுக்கு நடுவே பேக்பைப் வருகிறதே, அதை வாசித்தது அவர். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போல, பேக்பைப்பிலும் ஒரு சுரம் ஓயாமல் அடியில் ஓடும். கோயில் திருவிழாவில் வளர்ந்த நம் காதுக்கு அந்தப் பாட்டு அந்நியமாகப் படாததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துத் தட்டுகளை உருவாக்கியவர்கள் யங் சகோதரர்களின் அண்ணன் ஜார்ஜும் அவர் கூட்டாளி ஹாரி வான்டாவும். அவர்கள் முறை எளிது. ஒரே அறையில் எல்லாரும் நின்று வாசிக்க வேண்டும், சூடு இருந்தால் அது போதும். 1977-இல் ‘லெட் தேர் பி ராக்’ பதிவின்போது ஆங்கஸின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை வந்ததாம், நிறுத்தாதே, வாசி என்று ஜார்ஜ் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து கைகாட்டினாராம். அந்தத் தட்டைக் கேட்டால் இந்தக் கதையை நம்பாமல் இருக்க முடியாது. சுருதி சற்றுப் பிசகும், வேகம் ஏறும், யாரும் கவலைப்படுவதில்லை. 1978-இல் வந்த ‘பவரேஜ்’ அதைவிட முதிர்ந்தது, ஆனால் ஒலி அதே வியர்வை ஒலிதான்.

இதெல்லாம் அமெரிக்காவில் பெரிதாகப் போகவில்லை. அவர்கள் தட்டுகளை வெளியிட்ட அட்லான்டிக் நிறுவனம் தயாரிப்பாளரை மாற்றச் சொன்னது. அண்ணனை விலக்கவேண்டி வந்தது சகோதரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் எடி கிரேமர் வந்தார், ஒத்துவரவில்லை. அடுத்து வந்தவர் ராபர்ட் ஜான் ‘மட்’ லாங். லண்டனில் பதிவாகி 1979 ஜூலையில் வெளிவந்த ‘ஹைவே டு ஹெல்’ அவரும் குழுவும் சேர்ந்து செய்த முதல் வேலை. அமெரிக்கப் பட்டியலில் 17-ஆம் இடம்வரை ஏறியது. அதற்கு முன் அவர்கள் எந்தத் தட்டும் அங்கே முதல் இருபதுக்குள் வந்ததில்லை.

லாங் என்ன செய்தார்? புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்றே சொல்வேன். கழித்தார். தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். முதலில் கிட்டார் மட்டும். பிறகு டிரம்ஸ். பான் ஸ்காட் பாடத் தொடங்கிவிடுவார், ஆனால் பாஸ் கிட்டார் இன்னும் வரவில்லை. பல்லவி வரும்போதுதான் கிளிஃப் வில்லியம்ஸ் உள்ளே வருகிறார். அந்த நொடியில் பாட்டு இரண்டு மடங்கு பெரிதாகிறது. யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை, இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். பல்லவியில் பின்குரல்கள் ஒரே சுருதியில் கெட்டியாக நிற்பதும் அவர் பழக்கியது. முன்பெல்லாம் அது கூட்டமாகக் கத்துவது போல இருக்கும்.

ஆனாலும் ‘ஹைவே டு ஹெல்’ பான் ஸ்காட்டின் தட்டு. அவர் குரலில் ஒரு கண்சிமிட்டல் எப்போதும் இருக்கும். ‘ஷாட் டவுன் இன் ஃபிளேம்ஸ்’ பாட்டில் பெண்களிடம் பேசப்போய் மூக்குடைபட்டுத் திரும்பி வருகிறவன் அவன் கதையை அவனே பாடுகிறான். வரியின் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தாமதித்து விடுவார். கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்கிறவர் முக்கியமான இடத்தில் ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டுத் தொடர்வாரே, அந்த வித்தை. கிட்டார்கள் அவருக்கு இடம் விட்டு வாசிக்கின்றன. தட்டின் கடைசிப் பாட்டு ‘நைட் பிரவ்லர்’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் மெதுவான புளூஸ். அது முடிகிற இடத்தில் அப்போது அமெரிக்காவில் ஓடிய ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் வேடிக்கைச் சொல்லை முணுமுணுத்துவிட்டு நிறுத்துகிறார். அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசித் தட்டில் அவர் குரல் அப்படித்தான் முடிகிறது. தெரிந்து கேட்டால் நெஞ்சை அடைக்கும்.

1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில், இரவு முழுக்கக் குடித்துவிட்டு நண்பரின் காரில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. வயது 33.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நாங்கள் ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி நன்கொடை விருந்து என்று பேராக் மாநிலம் முழுக்க வாசித்திருக்கிறோம். எங்கள் பாடகர் அண்ணன் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரத்தில், முன்பே ஒப்புக்கொண்ட ஒரு திருவிழா. அண்ணனின் அம்மாவே போய் வாசியுங்கள் என்று சொன்னார். புதிதாக ஒருவரை அழைத்து வந்தோம். நல்ல குரல். ஆனால் அவர் அண்ணனைப் போலவே பாட முயன்றார். அதே இழுப்பு, அதே கையசைப்பு. எங்களாலும் அவரை விட முடியவில்லை, அண்ணன் இப்படிப் பாடுவார், அப்படிப் பாடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அன்று இரவு மேடையில் ஒரு பாட்டும் எழவில்லை. அந்தத் தம்பி அழுதுவிட்டார். தப்பு எங்களுடையது. அந்த இரவுக்குப் பிறகுதான் ‘பேக் இன் பிளாக்’ எவ்வளவு கடினமான காரியம் என்று எனக்குப் புரிந்தது.

அவர்களையும் பான் ஸ்காட்டின் பெற்றோர்தான் தொடரச் சொன்னார்கள். ஆறே வாரத்தில் பிரையன் ஜான்சன் வந்தார். இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்துக்காரர். ‘ஜார்டி’ என்ற குழுவில் பாடியிருந்தவர். அப்போது கார் கூரைகளுக்கு உறை பொருத்தும் தொழில் செய்துகொண்டிருந்தார். பான் ஸ்காட்டே முன்பு அவரை மேடையில் பார்த்துவிட்டு வந்து யங் சகோதரர்களிடம் மெச்சிப் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு அவர்களுக்கு நினைவிருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் பஹாமாஸ் தீவில் நாசாவ் நகரத்தின் கம்பஸ் பாயின்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு. புயல் மழை, மின்சாரத் தடை, சுங்கத்தில் மாட்டிக்கொண்ட கருவிகள். ஜூலை 25 அன்று தட்டு வெளியாகிவிட்டது. சாவிலிருந்து எண்ணினால் ஐந்து மாதமும் கொஞ்ச நாளும்.

அட்டை முழுக்கக் கறுப்பு. துக்கத்துக்காக அப்படித்தான் வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தது. பெயராவது தெரியட்டும் என்று நிறுவனம் கேட்டதால் எழுத்துகளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு மட்டும் போட்டார்கள்.

இப்போது முதல் பாட்டு. ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ ஒரு பெரிய மணியோடு தொடங்குகிறது. இங்கிலாந்தில் லஃபரோ ஊரில் ஜான் டெய்லர் வார்ப்பாலை வார்த்த மணி, ஒரு டன் எடை. மணி அடிக்கிறது, நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. அதற்குப் பிறகு கிட்டார், அதற்குப் பிறகு டிரம்ஸ். ஒவ்வொருவராக வருகிறார்கள். பாடகர் வாய் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. முந்திய தட்டின் முதல் பாட்டில் பாடகர் வர அரை நிமிடம்கூட ஆகவில்லை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன மாற்றம் இந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். புதிய ஆளை உடனே முன்னால் தள்ளவில்லை. முதலில் போனவருக்கு மணி அடிக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்கள். அந்த ஓசை மூடுபனியில் ரப்பர் மரங்களுக்கிடையே போய்த் தேய்ந்து முடியும்வரை அடுத்த அடி விழாது. சாவு வீட்டில் தப்பு அடிக்கிறவரும் அவசரப்படமாட்டார். ஊர்வலம் கிளம்பும்வரை அவர் கை காத்திருக்கும். அடிக்கு நடுவில் உள்ள அந்த வெற்றிடத்தில்தான் ஆட்கள் அழுவார்கள். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு ‘பேக் இன் பிளாக்’கை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. நீங்கள் இறுக்கம் என்று சொன்னது இந்தக் காத்திருப்பைத்தான்.

தலைப்புப் பாட்டிலும் இதுவேதான். ‘ஹைவே டு ஹெல்’ நிமிடத்துக்கு ஏறத்தாழ 116 தாள அடி வேகம். ‘பேக் இன் பிளாக்’ ஏறத்தாழ 94. தொடக்கத்தில் டிரம்ஸின் ஹை-ஹாட் என்ற ஜோடித் தகடும் அடக்கிய கிட்டார்க் கம்பியும் டிக், டிக் என்று எண்ணுகின்றன. பிறகு ஓர் ஈ கார்டு, சில சுரங்கள் சேர்ந்து ஒரே அடியில். நிறுத்தம். மூன்று டி. நிறுத்தம். மூன்று ஏ. அந்த நிறுத்தங்களை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை. டிரம்ஸ் வாசித்த ஃபில் ரட் அந்த இடைவெளிகளில் எதையாவது இட்டு நிரப்ப ஒருமுறைகூட ஆசைப்படவில்லை. நம் ஆட்களில் பாதிப் பேர் அங்கே ஒரு உருட்டு உருட்டியிருப்பார்கள். இசைக்காரர்கள் காலம் தவறாமல் பிடிப்பதை லயம் என்கிறார்கள். எங்களுக்கு லயம் என்றால் குடியிருந்த வீட்டு வரிசை, ஒரே அளவு, ஒரே இடைவெளி. மால்கமும் ரட்டும் சேர்ந்து வாசிப்பதைக் கேட்கும்போது எனக்கு இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும்.

பிரையன் ஜான்சனின் குரலைப் பற்றி. பான் ஸ்காட் பேசுகிற சுருதியிலிருந்து பாட்டுக்குப் போகிறவர். ஜான்சன் தொடக்கத்திலேயே உச்சியில் இருக்கிறார், கீழே இறங்குவதே அபூர்வம். குரலில் கதை இல்லை, வரிக்கு வரி நிறமாற்றம் இல்லை. இன்னொரு கிட்டாரை உச்சஸ்தாயியில் வைத்தது போல அது ஒரு வாத்தியமாகிவிடுகிறது. இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதுதான் குழுவைக் காப்பாற்றியது. பான் ஸ்காட்டைப் போலச் சிமிட்டிப் பாடுகிற ஒருவரை எடுத்திருந்தால் எங்கள் திருவிழா மேடைக் கதைதான் அங்கேயும் நடந்திருக்கும். ஜான்சன் போனவரைப் போலப் பாடவில்லை. மற்றவர்களும் அப்படிப் பாடச் சொல்லவில்லை. கடைசிப் பாட்டான ‘ராக் அண்ட் ரோல் எயின்ட் நாய்ஸ் பொல்யூஷன்’ தொடக்கத்தில் மட்டும் பாடாமல் பேசுகிறார். பழைய பாடகரின் வாசனை தட்டில் வருகிற ஒரே இடம் எனக்கு அதுதான்.

மலேசியக் காதுக்கு ஜான்சன் சீக்கிரம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. எண்பதுகளின் பிற்பாதியில் செர்ச், விங்ஸ் என்று மலாய் ராக் குழுக்கள் நாட்டையே பிடித்து வைத்திருந்த காலம். 1989-இல் செர்ச்சின் ‘இசபெல்லா’ ஒலிக்காத கடை டவுனில் இல்லை. அந்தக் குழுக்களின் பாடகர்கள் ஆமியும் அவியும் உச்சியில் நின்று பாடியதைக் கேட்டு வளர்ந்த பையன்கள் நாங்கள், தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும்தான். உயர்ந்த குரல் என்றால் எங்களுக்கு அது உணர்ச்சியின் அளவு.

பிந்திய தட்டின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு வரிகள் இறங்கிவிட்டன. பான் ஸ்காட்டும் பச்சையாக எழுதியவர்தான், ஆனால் அந்தக் கதையில் அவரும் அடிவாங்கும் ஓர் ஆளாக இருப்பார். ‘பேக் இன் பிளாக்’கில் பெண்களைப் பற்றிய இரண்டு மூன்று பாட்டுகளில் வெறும் இரட்டை அர்த்தம்தான் மிஞ்சுகிறது. என் மகள் அறையில் இருந்தால் அவற்றைத் தாண்டிவிடுவேன். ‘ஹேவ் எ டிரிங்க் ஆன் மீ’ எனக்கு இன்னும் பெரிய நெருடல். குடித்து இறந்த நண்பனுக்காகக் கறுப்பு அட்டை போட்ட தட்டில் குடிக்க அழைக்கும் பாட்டு. இறப்பதற்குச் சில நாள் முன்பு பான் ஸ்காட் ஒத்திகைக்கு வந்து, இந்தப் பாட்டின் ஆரம்ப வடிவத்துக்கு டிரம்ஸில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். ஆக அது அவர் கைபட்ட பாட்டு, அதனால் வைத்திருக்கலாம், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று பார்த்தவன் நான். அந்தப் பாட்டை நான் வாசித்ததில்லை, வாசிக்கவும் மாட்டேன். உங்கள் பட்டியலில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

‘பேக் இன் பிளாக்’கின் விற்பனைக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல். அங்கே அது பட்டியலில் 4-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை என்பது பலருக்குத் தெரியாது. முதலிடம் பிடித்தது 1981-இல் வந்த அடுத்த தட்டு, ‘ஃபார் தோஸ் அபவுட் டு ராக்’. அதையும் லாங்தான் செய்தார். தலைப்புப் பாட்டில் பீரங்கி வெடிக்கும், பிரமாதம். மீதிப் பாட்டுகளை என்னால் ஞாபகத்திலிருந்து வரிசையாகச் சொல்ல முடியாது, அதிலேயே தெரிகிறதல்லவா. இழைத்து இழைத்து மரமே மெலிந்துபோன மாதிரி ஒரு தட்டு. 1983-இல் அடுத்த தட்டை லாங் இல்லாமல் தாங்களே செய்துகொண்டார்கள்.

எனவே எது பெரியது? பாட்டு பாட்டாக எடுத்துக்கொண்டால், பான் ஸ்காட்டின் குரலுக்காக ‘ஹைவே டு ஹெல்’லுக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். நீங்கள் சொல்லும் உயிர் அங்கே இருக்கிறது, மறுக்கமாட்டேன். முழுத் தட்டாக வைத்தால் ‘பேக் இன் பிளாக்’தான். பத்துப் பாட்டும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன, ஒரே துக்கத்தில் நிற்கின்றன, ஆனால் ஒரு பாட்டுகூட அழுது புலம்பவில்லை. ‘யூ ஷுக் மி ஆல் நைட் லாங்’ போல ஒரு கொண்டாட்டப் பாட்டு அந்த மணியோசைக்குப் பிறகு, அதே தட்டில், உறுத்தாமல் உட்காருகிறது. சாவு வீட்டிலிருந்து வந்த ஐந்து பேர் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு நாற்பது வருடமாகியும் வியப்புத்தான்.

வாசிக்கும் முறைக்கு வருகிறேன், நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தானே. முதலில் ஒலியைக் கரகரப்பாக்கும் அந்த டிஸ்டார்ஷன் பெடலை அணைத்துவிடுங்கள். இப்போதைய பிள்ளைகள் எல்லாரும் ராக் என்றதும் ஆம்ப்ளிஃபையரில் கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். மால்கமின் ஒலி அதிகம் அழுக்கில்லாதது. 1963-ஆம் ஆண்டு கிரெட்ச் கிட்டார் ஒன்றில் கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்-அப்களைக் குறைத்து, தடித்த கம்பிகளைப் போட்டு, ஆம்ப்ளிஃபையரில் கெயினைத் தாழ்வாக வைத்துக்கொண்டு வாசித்தவர். கம்பி தடிப்பாக இருந்ததால் ஒலியும் தடிப்பாக வந்தது. கார்டுகளும் இரண்டே சுரமுள்ள பவர் கார்டு இல்லை. தமிழ்ப்பள்ளிப் பையன் முதல் வாரத்தில் கற்கும் திறந்த ஏ, டி, ஜி, ஈ. கெயினை ஏற்றினால் அந்தக் கார்டின் உள்ளே இருக்கும் சுரங்கள் கூழாகிவிடும்.

‘ஹைவே டு ஹெல்’லில் உங்கள் பாடகரை வழிநடத்த விடுங்கள். அவர் வரியை இழுத்தால் நீங்கள் பின்னால் போங்கள். பாஸ் வாசிக்கும் தம்பியிடம் பல்லவி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு மன உறுதி வேண்டும். ‘பேக் இன் பிளாக்’கில் நேர்மாறு. அங்கே பாடகர் உங்களுக்குப் பின்னால் வரவேண்டும். நீங்களும் டிரம்ஸ் வாசிக்கிறவரும் பாடகர் இல்லாமலேயே ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். பாட்டு அப்போதே நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய குரல் வந்தாலும் தூக்க முடியாது.

இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்காதீர்கள். வேகம் இறங்குவதை மேடையில் கை ஏற்றுக்கொள்ளாது, ‘பேக் இன் பிளாக்’ 100-க்கு மேல் ஓடிவிடும். நடுவில் மெதுவான ஏதாவது ஒன்றைப் போடுங்கள்.

ஈ கார்டுக்குப் பிறகு வரும் அந்த நிறுத்தத்தில் இடது கை, வலது கை இரண்டும் சேர்ந்து கம்பியை அடக்க வேண்டும். ஒரு கை மட்டும் அடக்கினால் வால் மிஞ்சும். எழுத்தில் இதற்கு மேல் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை மாலை சந்தைக்கு வரும்போது கிட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அந்த ஒரு கார்டை மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம்.